ஆடுகிற பழைய நாற்காலிக்கு எந்தப் பசை?

ஐம்பது, அறுபது வருடமான தேக்கு நாற்காலியோ ஈட்டி மரச் சாய்வு நாற்காலியோ மூட்டு விட்டு ஆடத் தொடங்கினால் நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. அந்தக் காலத்து ஆசாரிகள் காய்ச்சிய வச்சிரம் என்ற விலங்குத்தோல் பசை. அதையே உறையாதபடி செய்து புட்டியில் விற்கும் திரவ வச்சிரம். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. அரால்டைட் போன்ற எபாக்சி. எது பலம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி முடிவெடுக்க உதவாது. மரத்தோடு மரம் இடைவெளியின்றி உட்கார்ந்தால் நான்குமே போதுமான பலம் கொண்டவைதாம். காய்ந்த மூட்டை உடைத்துப் பார்த்தால் பக்கத்து மரம் பிய்ந்து வரும், பசைக்கோடு அப்படியே நிற்கும். டைட்பாண்ட் பசைகளைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனம் தன் மஞ்சள் பசைக்கும் (வெள்ளைப் பசையின் இனம்தான்) தன் திரவ வச்சிரத்துக்கும் சொல்லும் பலம் ஏறத்தாழ ஒன்றேதான்: சதுர அங்குலத்துக்குச் சுமார் 3600 பவுண்டு.

கேட்க வேண்டியவை வேறு. மூட்டுக்குள் இப்போது இருப்பது என்ன பசை? சாமான் நிற்கப்போகிற இடத்தில் வெயில் எவ்வளவு, ஈரம் எவ்வளவு? இன்னும் முப்பது வருடம் கழித்து இதே மூட்டைத் திறக்கப்போகிறவர் என்ன பாடு படுவார்? மூன்றாவது கேள்விதான் பெரியது. நாற்காலி மூட்டு என்றைக்காவது மறுபடி ஆடத்தான் செய்யும். மழைக்காலத்தில் மரம் உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது. துளைக்குள் செருகிய மரமுனை, அதாவது நாக்கு, வருடம் முழுக்க ஓசையில்லாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. எந்தப் பசையும் இதை நிறுத்திவிட முடியாது.

உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது

மூட்டின் ஓரத்தில் வழிந்து காய்ந்த பசைத் துளி எங்காவது இருக்கும். உளியின் முனையால் தட்டுங்கள். தேன் நிறத்தில் இருந்து, சில்லாகத் தெறித்தால் அநேகமாக வச்சிரம். உறுதிப்படுத்த, அதன்மேல் ஒரு சொட்டு வெந்நீர் விட்டு ஐந்து நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். வச்சிரமாக இருந்தால் பிசுபிசுத்து இழுக்கும். வெள்ளைப் பசை என்றால் வெளுத்து, ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகும். எபாக்சிக்கு வெந்நீர் விட்டது தெரியவே தெரியாது. இன்னும் சந்தேகம் இருந்தால் சுரண்டிய துளியை ஊசி முனையில் வைத்துத் தீயில் காட்டலாம். வச்சிரத்துக்கு முடி கருகும் நாற்றம் வரும்.

சாமானின் வயதும் துப்புக் கொடுக்கும். ஃபெவிகால் 1959-இல்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னால் செய்த நாற்காலியில் வெள்ளைப் பசை தெரிந்தால், இடையில் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப் பழுது பார்த்தவர் கூடவே ஓர் ஆணியும் அடித்திருப்பார். மூட்டைப் பிரிக்கும் முன் அதைத் தேடிப் பிடுங்கிவிடுங்கள். ஆணி இருக்கிற மூட்டைத் தட்டிப் பிரித்தால் நாக்கு பிளந்துபோகும்.

உள்ளே இருப்பது வச்சிரம் என்று தெரிந்துவிட்டால் கணக்கு பெரிய அளவில் ஒரு பக்கம் சாய்கிறது. புதிதாகக் காய்ச்சிய வச்சிரம் சூட்டோடும் ஈரத்தோடும் போய்ப் பழைய வச்சிரத்தைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். ஆகவே பழையதை முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. வெந்நீரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, உதிர்கிறதை எடுத்தால் போதும். வெள்ளைப் பசைக்கும் எபாக்சிக்கும் இந்தச் சலுகை கிடையாது. வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கும். நடுவே பழைய பசைப்படலம் இருந்தால் ஊறாது. எபாக்சி படலத்தின்மேல் ஒட்டும், ஆனால் அடியில் அந்தப் படலம் மரத்தை விட்டால் எபாக்சியும் சேர்ந்து வந்துவிடும். இரண்டுக்குமே வெறும் மரம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். சுரண்டச் சுரண்ட நாக்கு மெலிகிறது, துளை அகல்கிறது. ஏற்கெனவே ஆடிய மூட்டு இன்னும் தொளதொளக்கும். இப்படி இரண்டு தடவை சுரண்டிய நாற்காலிக்குப் பிறகு புது நாக்குதான் வைக்க வேண்டிவரும்.

காய்ச்சிய வச்சிரம்

தோல் சீவல், தசைநார், எலும்பு ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை வெந்நீரில் கரைத்து எடுப்பதுதான் வச்சிரம். பதனிடாத தோலின் சீவல்களைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, மெதுவாகக் காய்ச்சுவார்கள். முதல் காய்ச்சலில் இறங்கும் சாறே மிக உறுதியானது. அதே சீவல்களில் மறுபடி வெந்நீர் விட்டு எடுக்கிற இரண்டாவது, மூன்றாவது சாறு வரவர நலியும். சாறு உறைந்த பிறகு வில்லைகளாக வெட்டி வலையின்மேல் காயவைப்பார்கள். பழைய வச்சிரப் பாளங்களில் தெரிகிற கட்டம் கட்டமான தடம் அந்த வலையுடையதுதான். எகிப்தின் தீப்ஸில், கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரே கல்லறையின் சுவரோவியத்தில் தச்சர்கள் அடுப்பில் பசைச் சட்டி வைத்து வேலை செய்கிறார்கள். மூவாயிரத்து ஐந்நூறு வருடத்தில் செய்முறை அதிகம் மாறவில்லை.

மாறியது அளவு சொல்லும் முறை. 1925-இல் ஆஸ்கர் புளூம் என்பவர் உறைந்த பசையின் விறைப்பை அளக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 10 டிகிரி குளிரில் உறைந்த கரைசலில் ஒரு சிறு உலக்கையை 4 மி.மீ. இறக்க எத்தனை கிராம் எடை வேண்டும் என்பதுதான் புளூம் என்கிற அந்த அளவு. 192 கிராம் வச்சிரம் பொதுவான மரவேலைக்கு. 251 கிராம் இசைக்கருவிக்கு. எண் கூடக்கூட அதே கெட்டிக்குத் தண்ணீர் அதிகம் கேட்கும், உறைவதும் விரைவாக நடக்கும். எண் கூடினால் ஒட்டுப்பலமும் அதே வீதத்தில் கூடும் என்று நினைத்து 315 கிராம் வாங்குகிறவர்கள் உண்டு. அது மேசைக்கு வருவதற்குள் உறைந்துவிடும். நாற்காலிக்கு வேண்டாத தலைவலி.

எண் போடாமல் பாளமாகவோ மணியாகவோ கிடைப்பதைச் சோதிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். நல்ல வச்சிரம் பல மடங்கு உப்பும், ஆனால் உருக்குலையாது. காலையில் விரலால் முழுசாகத் தூக்கலாம். கரைந்து தண்ணீர் குழம்பிப்போனால் அது மட்டமான எலும்புப் பசை அல்லது ஏற்கெனவே கெட்டது. இரண்டும் வேண்டாம். எதுவுமே கிடைக்காவிட்டால் பேக்கரிச் சாமான் கடையில் விற்கிற சமையல் ஜெலட்டினே போதும். அதுவும் இதே பொருள்தான், கூடுதலாகச் சுத்தம் செய்தது. 200 முதல் 250 புளூம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சைனா கிராஸ் இதற்கு ஆகாது. அது கடற்பாசி.

எட்டு மூட்டுள்ள ஒரு நாற்காலிக்கு 30 கிராம் போதும். 192 கிராம் வகை என்றால் அந்த 30 கிராமுக்கு 50 முதல் 55 மி.லி. தண்ணீர், 251 கிராம் வகையோ ஜெலட்டினோ என்றால் 60 முதல் 70. கண்ணாடிப் புட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். மணி வச்சிரம் ஒரு மணி நேரத்தில் ஊறும், பாளத்தைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து இரவே போட வேண்டும். ஊறாமல் சூடேற்றினால் வெளிப்புறம் கரைந்து, நடுவில் கட்டி நிற்கும். அதைக் கரைக்கிற முயற்சியில் மற்றது வெந்துபோகும்.

ஊறியதும் புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்திச் சூடாக்குங்கள். பசையின் சூடு 60 டிகிரி. 63 வரை போகலாம். 70-ஐத் தாண்டினால் கொலாஜன் சங்கிலிகள் அறுபடத் தொடங்கும். கொதித்த வச்சிரம் பார்க்க அப்படியே இருக்கும், தொட்டால் ஒட்டும், ஆனால் காய்ந்த பிறகு பலம் இருக்காது. நேரடித் தீயில் வைத்த வச்சிரம் ஒரு தரம் பொங்கினால் கொட்டிவிடுவதே மேல். தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். விரல் வைத்துப் பார்த்துச் சூடு சொன்ன காலத்தில் கெட்டுப்போன மூட்டுகள் ஏராளம். இரும்புச் சட்டியும் வேண்டாம், துவர்ப்புள்ள மரத்தில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கருங்கறை விழும்.

சூடான பசையில் பிரஷை முக்கித் தூக்கினால் நல்லெண்ணெய்ப் பதத்தில், அறுபடாத ஒரே தாரையாக வழிய வேண்டும். திரி திரியாக விழுந்தால் கெட்டி, ஒரு தேக்கரண்டி வெந்நீர் விடுங்கள். தண்ணீராகச் சொட்டினால் புட்டியைத் திறந்துவைத்துச் சற்று வற்றவிடுங்கள். வேலை நீண்டால் ஆவியாகிற தண்ணீரை அவ்வப்போது ஈடு செய்ய வேண்டும்.

ஒட்டும் முன் நாக்கையும் துளையையும் வெதுவெதுப்பாக்குவது அவசியம். அரை மணி வெயிலில் வைத்தாலும் சரி, முடி உலர்த்தும் கருவியைக் காட்டினாலும் சரி. இரண்டு பக்கமும் பூசி, செருகி, மூட்டைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்து, கிளாம்பை இறுக்குங்கள். வழிந்ததை வெந்நீர்த் துணியால் துடைத்தால் கறையே தெரியாது. 24 மணி நேரம் கிளாம்பு, மழைக்காலத்தில் 48. அதற்குப் பிறகும் நான்கைந்து நாள் யாரையும் உட்கார விடாதீர்கள்.

பழைய பட்டறை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நாற்றம். அது வச்சிரத்தின் குற்றம் இல்லை. எலும்புப் பசை, நாள்கணக்கில் சட்டியிலேயே கிடந்து அழுகியது, தீயேறிக் கருகியது, இந்த மூன்றின் நாற்றம் அது. புதிதாக ஊறவைத்து 60 டிகிரியில் வைத்த நல்ல தோல் வச்சிரத்துக்கு லேசான வாசனைதான் உண்டு. நாறத் தொடங்கியது என்றால் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது, பலமும் போய்க்கொண்டிருக்கிறது. நம் வெயிலில் கரைத்த வச்சிரம் வெளியில் ஒரு நாள் தாண்டுவதே சிரமம். மிஞ்சியதை ஐஸ் தட்டில் ஊற்றி உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துச் சூடாக்கலாம். உலர்ந்த மணியோ, காற்றுப் புகாத டப்பாவில் வருடக்கணக்கில் கெடாது.

வெயிலும் கடற்காற்றும்

மேல்நாட்டுக் கையேடுகள் வச்சிரம் ஒரு நிமிடத்தில் உறைந்துவிடும், ஓடு ஓடு என்று விரட்டும். 18 டிகிரிப் பட்டறையில் எழுதியவை அவை. வச்சிரம் உறையத் தொடங்குவது 35 டிகிரி அளவில். சென்னையிலோ திருச்சியிலோ மே மாத மதியத்தில் அறையே 36, 38 டிகிரி இருக்கும்போது அது உறையவே உறையாது. தண்ணீர் ஆவியாகித்தான் கெட்டிப்படும். நாற்காலி ஒட்டுகிறவருக்கு இது வரம்: எட்டு மூட்டையும் நிதானமாகப் பூசிச் செருக நேரம் கிடைக்கும். ஆனால் உறைதலை நம்பிச் செய்கிற வேலைகள் படுத்துவிடும். இரண்டு பலகை விளிம்பில் பசை தடவித் தேய்த்து, கிளாம்பே இல்லாமல் பிடிக்க வைக்கும் வேலையும், சுத்தியல் தேய்ப்பில் வினியர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டும் வேலையும் அந்த நேரத்தில் ஆகாது. விடியற்காலையில் செய்யுங்கள், அல்லது 251 கிராம் வகைக்கு மாறுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றுப் பட்டால் பூசிய பசையின் மேல் ஆடை படிந்துவிடும், உள்ளே ஈரமாக இருந்தும் ஒட்டாது.

ஊட்டி, கொடைக்கானல் டிசம்பரில் கதை தலைகீழ். மரம் குளிர்ந்திருந்தால் செருகும் முன்பே பசை உறைந்துவிடும். வெளிப்பார்வைக்கு ஒட்டியதாகத் தெரியும் மூட்டில் தடித்த உறைபடலம்தான் நிற்கும், மாதம் ஒன்றில் விட்டுப்போகும். நேரம் வேண்டுமென்றால் காய்ந்த வச்சிரத்தின் எடையில் 5 முதல் 10 சதவீதம் யூரியா சேர்க்கலாம். அது உறையும் சூட்டைக் கீழே இறக்கும். உரக்கடை யூரியாவைப் போட்டுவிடாதீர்கள். 2015 முதல் நாட்டில் உரமாக விற்கிற யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியது, எண்ணெய் ஒட்டுக்கு எதிரி. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்த யூரியா கிடைக்கும்.

ஈரம்தான் வச்சிரத்தின் உண்மையான பலவீனம். காற்றின் ஈரப்பதம் பல நாள் தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் நின்றால் காய்ந்த வச்சிரமும் ஈரம் வாங்கி இளகும், பூஞ்சணம் பிடிக்கும். கரப்பானுக்கும் எலிக்கும் அது தீனி. ஆகவே முற்றத்து ஊஞ்சல், தாழ்வாரத்தில் மழைச்சாரல் படுகிற பெஞ்சு, குளியலறைக் கதவு ஆகியவற்றுக்கு வச்சிரத்தை நினைக்கவே வேண்டாம். வீட்டுக்குள் கூடத்தில் நிற்கிற நாற்காலிக்குக் கடலோர ஊரிலும் பயமில்லை. பழைய வீடுகளில் இன்னும் பிரியாமல் நிற்கிற சாமான்களே சாட்சி.

புட்டியில் வரும் திரவ வச்சிரம்

யூரியா போன்ற பொருள் சேர்த்து, அறைச் சூட்டிலேயே ஊற்றும்படி செய்த வச்சிரம் இது. காய்ச்ச வேண்டாம், பத்து நிமிடம் போல வேலை நேரம், பின்னால் வெந்நீரில் திறக்கலாம், பழைய வச்சிரத்தோடும் சேரும். எல்லா நல்ல குணமும் இருக்கிறது போலத் தோன்றும். இரண்டு தடங்கல். ஒன்று, இதன் ஆயுள் சுமார் ஒரு வருடம். கோடையில் லாரியிலும் கிடங்கிலும் வெந்த புட்டி அதற்கும் முன்பே செத்திருக்கலாம். வாங்கியதும் பிளாஸ்டிக் தாளில் ஒரு துளி விட்டு மறுநாள் மடக்கிப் பாருங்கள். படீரென்று ஒடிய வேண்டும். வளைந்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு, யூரியா காற்றின் ஈரத்தை இழுக்கும். நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் ஐப்பசி மழையில் எடை தாங்குகிற நாற்காலி மூட்டுக்கு இதை நாம் பரிந்துரைப்பதில்லை. ஒரு வேலைக்காக வெளியிலிருந்து வரவழைப்பதற்கு, காய்ச்சுவதே சுலபம். படச்சட்டம், பெட்டி மூடி, அலங்காரச் சீவல் மாதிரி லேசான வேலைகளுக்கு நல்லதுதான்.

வெள்ளைப் பசை

புதுச் சாமான் செய்கிறவருக்கு வெள்ளைப் பசையை விட்டுவிட்டு வேறு எதையும் தேடக் காரணமில்லை. காய்ச்ச வேண்டாம், நாறாது, மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும். தச்சர்கள் வச்சிரச் சட்டியைத் தூக்கிப் பரணில் போட்டது சோம்பலால் அல்ல. காலையில் அடுப்பு மூட்டி, பிற்பகல்வரை சூடு பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆளின் வேலையை அந்த டப்பா மிச்சப்படுத்தியது.

பழுது வேலையில்தான் அதன் முகம் மாறுகிறது. காய்ந்த வெள்ளைப் பசையின்மேல் புது வெள்ளைப் பசை ஒட்டாது. ஒரு தடவை ஒட்டி மறுபடி விட்ட மூட்டை, வெறும் மரம் வரும்வரை சுரண்டாமல் திரும்ப ஒட்ட முடியாது. மரத்தின் நுண்துளைகளில் ஊறியதைச் சுரண்டி எடுக்கவும் முடியாது. திறக்க வேண்டுமென்றால் வெள்ளை வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி மணிக்கணக்கில் வைத்து, சூட்டுக்காற்று அடித்து இளக்கலாம். மெருகு அதற்குள் போயிருக்கும். வழிந்து துடைக்காமல் விட்ட இடத்தில் பின்னால் பூசுகிற வண்ணச்சாயம் பிடிக்காது, வெளிறிய திட்டாக நிற்கும்.

இன்னொரு குணம் மெல்லத் தெரியும்: இழுவை தொடர்ந்து இருந்தால் இது காலப்போக்கில் நழுவும். வளைத்து ஒட்டிய பலகையிலும், தந்தி இழுக்கிற கருவியிலும் மி.மீ. கணக்கில் நகரும். சூடு 60, 70 டிகிரியை எட்டினால் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வரும். குளிரிலும் ஒரு சங்கடம் உண்டு. மலை ஊர்களின் குளிர்காலை நேரத்தில் 10 டிகிரிக்குக் கீழே காய்ந்தால் படலமாகச் சேராமல் சுண்ணாம்புப் பொடியாக வெளுக்கும். அப்படிக் கண்டால் அந்த மூட்டை நம்பாதீர்கள்.

எண்ணெய்ப் பசையுள்ள தேக்குக்கு ஒரு வார்த்தை. எந்தப் பசையானாலும், ஒட்டப்போகிற அதே மணிநேரத்தில் முகத்தை உளியாலோ இழைப்புளியாலோ ஒரு சீவு புதுப்பித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அசிட்டோன் துணியால் துடையுங்கள். நேற்று இழைத்த தேக்கின் முகத்துக்கு இன்றைக்குள் எண்ணெய் ஏறிவிடும்.

எபாக்சி

மற்ற மூன்றும் இடைவெளியை நிரப்பாது, 0.1 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் வச்சிரமும் வெள்ளைப் பசையும் காயும்போது சுருங்கி, நடுவில் ஓட்டை விடும். எபாக்சி சுருங்காது. கரையான் தின்று பாதி போன கால், அடியில் உளுத்த கதவு நிலை, மழையில் நிற்கிற தோட்டத்துப் பெஞ்சு: இங்கெல்லாம் எபாக்சிதான். இரண்டு குழாயிலிருந்தும் சமஅளவு எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை குறைந்தது இரண்டு நிமிடம் கலக்க வேண்டும். அளவு தவறினால் பிசுபிசுத்தபடியே நிற்கும், எத்தனை நாள் காத்தாலும் காயாது. சூடு பத்து டிகிரி ஏறினால் கலவையின் வேலை நேரம் ஏறத்தாழப் பாதியாகும், ஆகவே கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஐந்து நிமிட வகையை எடை தாங்கும் மூட்டுக்குப் போடாதீர்கள், ஈரத்தில் அது நலியும். கையுறை கட்டாயம், கெட்டிப்படுத்தும் பாகம் தோலில் ஒவ்வாமை உண்டாக்கினால் அது ஆயுளுக்கும் விடாது.

நல்ல நாற்காலியின் நல்ல மூட்டுக்கு எபாக்சி போடுவதை நாம் குற்றமாகவே கருதுகிறோம். மறுபடி விட்டால் அந்த மூட்டைத் திறக்கப் பெரும்பாலும் ரம்பம்தான் வழி. நாக்கு தொளதொளத்தால் அதற்கு வேறு மருந்து இருக்கிறது: அதே மரத்தில் இழைப்புளிச் சீவல் எடுத்து நாக்கின் இரு கன்னத்திலும் வச்சிரத்தால் ஒட்டி, காய்ந்த பிறகு உளியால் பொருத்தம் பார்த்து, கையால் அழுத்தினால் நுழைகிற இறுக்கத்துக்குக் கொண்டுவருவது. பசையில் மரத்தூள் கலந்து துளையை அடைப்பது பழுது ஆகாது. தூள் பலம் தராது, அடுத்தவருக்கு வேலைதான் தரும்.

நாற்காலி அல்லாதவை

வயலினுக்கு விவாதமே இல்லை, காய்ச்சிய வச்சிரம்தான். மேல் பலகையைக் கூடுதலாகத் தண்ணீர் விட்ட மெல்லிய வச்சிரத்தால் ஒட்டுவது வேண்டுமென்றே செய்வது: ஈரப்பதம் மாறி மரம் இழுக்கும்போது பலகை வெடிக்காமல் விளிம்பு மூட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். மெல்லிய கத்தியை நுழைத்துத் திறந்து, உள்வேலை பார்த்து, மறுபடி மூடலாம். கழுத்துக்கும் நடுமூட்டுக்கும் மட்டும் முழு பலமுள்ள பசை. விட்ட விளிம்பில் வெள்ளைப் பசை தடவிக்கொண்டு வரும் வயலின்களைத் திறக்கும்போது மேல் பலகை நாராகக் கிழிகிறது. கச்சேரிக்குப் போகிற வழியில் வயலினைக் காரில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் வச்சிர மூட்டு திறந்துகொள்ளும்.

ஆர்மோனியத் துருத்தியிலும் வச்சிரமே மேல். தோலை மரத்தோடு அது நொடிகளில் பிடிக்கும், அடுத்த தடவை தோல் மாற்றும்போது வெந்நீர்த் துணி வைத்தால் உரிந்து வரும். வினியர் மேசைகளில் குமிழ் விட்டிருந்தால் முதலில் எதுவும் ஊற்றாதீர்கள். ஈரத்துணி விரித்து, மிதமான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, ஆறும்வரை தட்டையான கட்டையால் பாரம் வையுங்கள். அடியில் இருப்பது வச்சிரமானால் பழையதே மறுபடி உயிர்பெற்றுப் பிடிக்கும். அரக்கு மெருகு மேலே இருந்தால் ஈரச்சூட்டில் வெளுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மூட்டைப் பிரிப்பதிலும் அரக்கைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிட்டை ஊசிக்குழலால் மூட்டுக்குள் விட்டால் வச்சிரத்தின் ஈரத்தை உறிஞ்சி அதை நொறுங்க வைக்கும். ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, பிரிந்துவிடும். ஆனால் அரக்கைக் கரைப்பதும் அதே ஸ்பிரிட்தான். மெருகு காப்பாற்றப்பட வேண்டிய சாமானில் ஸ்பிரிட்டுக்குப் பதில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் 1.5 மி.மீ. துளையிட்டு வெந்நீரை உள்ளே செலுத்தி, இருபது நிமிடம் பொறுத்து அசையுங்கள்.

பூஜை மண்டபம், சுவாமி பீடம், சைவ வீட்டுச் சாமான் என்றால் வேலைக்கு முன்பே வீட்டுக்காரரைக் கேட்டுவிடுவது முறை. விலங்குத் தோலிலிருந்து வந்தது வேண்டாம் என்று அவர் சொன்னால், வெள்ளைப் பசையை எடுத்துக்கொண்டு, மூட்டை வெறும் மரம்வரை சுத்தம் செய்து, சீவல் ஒட்டிப் பொருத்தத்தைச் சரிசெய்து வேலையை முடிக்கலாம். பொருத்தம் நன்றாக இருந்தால் அது நெடுநாள் நிற்கும்.

எந்தப் பசையைத் தேர்ந்தெடுத்தாலும் இருக்கைச் சட்டத்தின் அடியில் பசையின் பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை அடுத்த மெருகின்போது ஸ்பிரிட்டில் கரைந்து ஓடிவிடும்.